‘மனதைப் பிழிந்தது’ என்று எழுதாமல் ஒரு வாசிப்புக் கட்டுரை

துயரமான குழந்தைப் பருவத்தைச் சொல்லும் தன்வரலாறு ஒன்றைக் கையில் கொடுத்து, “படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியதோ எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கேட்பதற்கு இதைவிட எளிய வேலை இல்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரி வராது. வந்தாலும் “இந்நூல் என் மனதைப் பிழிந்துவிட்டது” என்றுதான் வரும்.

நான் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு மொழிப்பாடம் எடுப்பவள். ஆண்டுதோறும் இந்த வேலையைக் கொடுப்பதும் வருகிற கட்டுரைகளைச் சிவப்பு மையோடு படிப்பதும் என் பிழைப்பு. பிழியப்பட்ட மனங்களையும் கனத்த இதயங்களையும் குளமான கண்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்தாயிற்று. அவையெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். படித்தபோது உண்மையாகவே கண் கலங்கியிருக்கும். ஆனால் நூலின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்தக் கட்டுரை எந்த நூலைப் பற்றியது என்று என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. எழுதியவர் யார் என்பதும் தெரிவதில்லை. ‘தனிப்பட்ட அனுபவம்’ என்று கேட்ட இடத்தில் ஆளே இல்லை.

எனவே நான் சொல்லப்போவது அடிப்படையில் ஒரே ஒரு காரியம்தான். நூல் முழுவதையும் பற்றி எழுதாதீர்கள். நூலில் உங்கள் வாசிப்பு தடுக்கி நின்ற ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே நில்லுங்கள். ஏன் தடுக்கியது என்பதை எழுதுங்கள்.

முதலில் படிக்கும் முறை. பென்சிலோடு படியுங்கள். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போடுகிற பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், ஏனென்றால் ‘முக்கியம்’ என்று பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கியிருப்பது பெரும்பாலும் கருத்துச் சொல்லும் வரிகளைத்தான். நீங்கள் நின்ற இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று யோசித்த இடம். இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்த வரி. எழுதியவர்மேல் எரிச்சல் வந்த இடம். அவர் சொல்வதை நம்பமுடியாமல் போன இடம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போன இடம். இதெல்லாம் புள்ளிக்கு உரியவை. படித்து முடித்த அன்றே, தூங்கப்போவதற்கு முன்னால், புத்தகத்தைத் திறக்காமல் நினைவில் நிற்பதை ஒரு தாளில் கிறுக்கிவையுங்கள். மறுநாள் அந்தத் தாளையும் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் உங்கள் இடம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போகலாம். மாக்சிம் கார்க்கியின் ‘குழந்தைப் பருவம்’. 1913-14இல் வெளிவந்தது. தகப்பன் சாவில் தொடங்கி, சாயப்பட்டறை வைத்திருக்கும் தாத்தாவின் வீட்டில் அடியும் சண்டையுமாக வளர்ந்து, தாயும் செத்த பிறகு “நீ என் கழுத்தில் தொங்க பதக்கம் இல்லை” என்று அதே தாத்தா வெளியே போகச் சொல்வதில் முடிகிறது. இதற்குமேல் கதைச் சுருக்கம் உங்கள் கட்டுரைக்கும் தேவையில்லை. பலர் முதல் இரண்டு பக்கத்தைச் சுருக்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர் நூலைப் படித்திருக்கிறார், நம்புங்கள்.

முதல் அத்தியாயத்திலேயே அடக்கம் நடக்கிறது. மழை. இடுகாட்டின் ஆளில்லாத மூலை. சவக்குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதில் தவளைகள். இரண்டு தவளைகள் மஞ்சள் நிறச் சவப்பெட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மண்ணைத் தள்ளுகிறார்கள். தவளைகள் குழியின் சுவரில் ஏறப் பார்க்கின்றன, விழும் மண்கட்டி அவற்றைக் கீழே தள்ளுகிறது. பையன் அழவில்லை. ஏன் அழவில்லை என்று பாட்டி கேட்கிறாள். அழத் தோன்றவில்லை என்கிறான். தோன்றாவிட்டால் வேண்டாம் என்று பாட்டியும் விட்டுவிடுகிறாள். திரும்பும் வழியில் அவன் கேட்பது அப்பாவைப் பற்றி அல்ல, தவளைகள் வெளியே வந்துவிடுமா என்று. வராது என்கிறாள் பாட்டி.

இந்த இடத்தில் உங்கள் புள்ளி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மாணவர் என்ன எழுதுவார்? “தந்தையை இழந்த அச்சிறுவனின் துயரம் கல் நெஞ்சையும் கரைய வைக்கும்.” ஆனால் அந்தப் பக்கத்தில் சிறுவனின் துயரம் என்று ஒன்று எழுதப்படவே இல்லையே! அவன் தவளைக்காகத்தான் கவலைப்படுகிறான். துயரத்தைக் கொண்டுவந்தது படித்தவர். எங்கிருந்து கொண்டுவந்தார்? கட்டுரை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

புள்ளி வைத்த இடத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அங்கே உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது? நான் எதை எதிர்பார்த்தேன்? எதிர்பார்த்தது ஏன் வரவில்லை? எந்தச் சொல் அல்லது எந்தப் பொருள் என்னை நிறுத்தியது? கடைசிக் கேள்விதான் அதிகம் தரும். கார்க்கியின் அதே அத்தியாயத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது. செத்துக் கிடக்கும் அப்பாவின் தலைமுடியைத் தாய் ஒரு கறுப்புச் சீப்பால் வாரிவிடுகிறாள். அந்தச் சீப்பை வைத்துத் தர்ப்பூசணித் தோலை அறுத்து விளையாடுவது பையனுக்குப் பிடிக்கும். சாவு வீட்டில் அவன் கண் விளையாட்டுச் சாமானில் போய் ஒட்டிக்கொள்கிறது. தவளையும் சீப்பும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று ஒரு மாணவர் கவனித்துவிட்டால் போதும், ஒரு பத்தி கிடைத்துவிட்டது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத பத்தி.

அதை எப்படி எழுதலாம்? ஏறக்குறைய இப்படி:

“சவக்குழிக் காட்சியைப் படித்தபோது பையன் எப்போது அழுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் அழவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தவளைகளைப் பற்றிக் கேட்டபோது இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். சில பக்கங்கள் தாண்டிய பிறகுதான், நான் காத்திருந்தது அவனுக்காக அல்ல, எனக்காக என்று புரிந்தது. அவன் அழுதிருந்தால் நானும் அழுதுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். தவளைகள் என்னைப் போகவிடவில்லை.”

இதில் அழகான சொல் ஒன்றுகூட இல்லை. ‘உருக்கம்’, ‘வேதனை’, ‘தாக்கம்’ எதுவும் இல்லை. ஆனால் இதை எழுதியவர் நூலைப் படித்திருக்கிறார், படிக்கும்போது தன்னையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மதிப்பெண் போடுவது இதற்குத்தான். அவர் கோபப்பட்டதைச் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். துயரக் கதையைப் படிக்கும்போது வரவேண்டிய உணர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் எல்லோர் தலையிலும் இருக்கிறது. இரக்கம், கண்ணீர், வியப்பு, மரியாதை. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று உங்களுக்கு வந்திருந்தால், சலிப்போ சந்தேகமோ பொறாமையோ, அதை மறைக்காதீர்கள். “மூன்றாவது அடிதடிக்குப் பிறகு எனக்கு மரத்துப்போய்விட்டது” என்று எழுதுவது நூலுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் மரத்துப்போயிருக்குமோ என்று அடுத்த வரியில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, இந்த வகை நூலில் பேசுவது இரண்டு பேர் என்பது. அடி வாங்கிய குழந்தை ஒன்று, பல ஆண்டு கழித்து உட்கார்ந்து எழுதும் பெரியவர் இன்னொன்று. கார்க்கி பிறந்தது 1868இல். தகப்பன் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. நூல் வெளிவரத் தொடங்கியபோது நாற்பத்தைந்து. மூன்று வயதுப் பையனுக்குச் சவப்பெட்டியின் நிறமும் பாட்டி சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்குமா? இதைக் கேட்கப் பயப்படவேண்டாம். தன்வரலாற்றில் வரும் பேச்சுகள் ஒலிப்பதிவு இல்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். ‘இது உண்மையா பொய்யா’ என்று வழக்கு நடத்தாமல், இந்த வரியைச் சொல்வது குழந்தையா பெரியவரா என்று பாருங்கள்.

பாமாவின் ‘கருக்கு’, ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு, 1992இல் வந்தது. அதில் ஓர் இடம். அவள் தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலம் யாருக்குப் போகிறது, இவர் தொட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறார்கள் என்பதை விளக்குகிறான். சிரிப்பு குழந்தையுடையது. அந்தச் சிரிப்பை முதலில் வைத்து, காரணத்தைப் பிறகு வைத்தது, வளர்ந்த பிறகு எழுதும் பெரியவருடைய வேலை. விளக்கத்தை முதலில் சொல்லியிருந்தால் நாம் சிரித்திருக்கமாட்டோம். சிரித்துவிட்டதால்தான் மாட்டிக்கொண்டோம். இப்படி வரிசையைக் கவனித்து எழுதும் மாணவர் இலக்கணப்பிழை கொஞ்சம் விட்டிருந்தால்கூட நான் கண்டுகொள்வதில்லை. (அதற்காகப் பிழைகளை விட்டுவைக்காதீர்கள்.)

கார்க்கியில் பெரியவரின் குரல் வெளிப்படையாகவே நுழையும் இடங்கள் உண்டு. மேசைவிரிப்பைச் சாயத்தொட்டியில் முக்கியதற்காகத் தாத்தா அவனை நினைவு தப்பும்வரை அடிக்கிறார். படுக்கையில் கிடந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, அந்த நாட்களில் தான் நிறைய வளர்ந்துவிட்டதாகவும், நெஞ்சின் தோலை உரித்துவிட்டது போல அதற்குப் பிறகு தன் வலியும் பிறர் வலியும் ஒன்றாகவே உறைக்கத் தொடங்கியதாகவும் எழுதுகிறார். எந்தப் பையனும் காய்ச்சலில் படுத்துக்கொண்டு அப்படி நினைக்கமாட்டான். இது நாற்பத்தைந்து வயதுக்காரர் பையனுக்குக் கொடுக்கும் விளக்கம். நீங்கள் அதை ஏற்கிறீர்களா? அடி ஒருவரை மென்மையாக்கும் என்பதை நம்புகிறீர்களா? அதே வீட்டில் அதே பிரம்படி வாங்கி வளர்ந்த மாமன்கள் பெண்டாட்டியை அடிக்கிறவர்களாகத்தானே ஆனார்கள்? ஆசிரியரோடு இப்படி ஒத்துப்போகாமல் இருப்பதற்கும் உங்கள் கட்டுரையில் இடம் உண்டு. துயரப்பட்டவர் என்பதற்காக அவர் சொல்லும் முடிவுகள் எல்லாம் சரியாகிவிடாது.

கொடுமை செய்தவர்களைப் பற்றி எழுதும்போது அவசரம் வேண்டாம். “இரக்கமற்ற அரக்கன்” என்று ஒரே வரியில் தாத்தாவை முடித்துவிடுகிறார்கள். சரி, அடித்தவர்தான். ஆனால் அடித்த பிறகு அதே தாத்தா தின்பண்டமும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு படுக்கைக்கு வருகிறார். வோல்கா ஆற்றின் கரையில் வெறுங்காலோடு நடந்து, கயிற்றைத் தோளில் போட்டுப் படகு இழுத்த தன் இளமையைச் சொல்கிறார். பொழுது போய்விடுகிறது. வெளியே யாரோ கூப்பிட்டால், போகாதே என்று பையன் தாத்தாவிடம் கேட்கிறான். நாமும் கேட்கிறோம். அது நமக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் சில பக்கங்களுக்கு முன்னால்தான் அவரை வெறுத்து முடித்திருந்தோம். இந்த அசௌகரியத்தை விட்டு ஓடாமல் எழுதுங்கள். மன்னித்துவிட வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. தீர்ப்பும் கேட்கவில்லை. உங்களுக்குள் இரண்டு உணர்ச்சி ஒரே நேரத்தில் இருந்ததைச் சொன்னால் போதும்.

சின்ன ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். சிகானோக் என்ற வேலைக்கார இளைஞன் பையன்மேல் விழும் பிரம்புக்கு நடுவில் தன் கையை நீட்டுகிறான். பிறகு சிவந்து வீங்கிய கையைக் காட்டுகிறான். அதோடு விடாமல், அடுத்த தடவை அடிக்கும்போது உடம்பை இறுக்காதே, தளர்த்தி விட்டுக்கொடு என்று கற்றும் தருகிறான். அடியைத் தடுக்க முடியாதவன் அடிவாங்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறான். நான் இந்த நூலைப் பாடமாக வைக்கும்போதெல்லாம் இந்த இடத்தைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று பார்ப்பேன். பெரும்பாலும் பாட்டியிடம் போய்விடுகிறார்கள். பாட்டி நல்லவள்தான், எரியும் பட்டறைக்குள் ஓடி அமிலக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். ஆனாலும் எனக்குச் சிகானோக்தான்.

இப்போது மாணவர்கள் என் அறை வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். என் சொந்த வாழ்க்கையை எவ்வளவு எழுதவேண்டும்?

எவ்வளவு குறைவாகவும் எழுதலாம். ‘தனிப்பட்ட’ என்றால் உங்கள் பார்வையில் என்று பொருள். உங்கள் வீட்டு ரகசியத்தை விடைத்தாளில் கட்டிவைத்துக் கொடுக்கவேண்டும் என்று எந்த ஆசிரியரும் கேட்க முடியாது. மேலே நான் காட்டிய தவளைப் பத்தியில் எழுதியவரின் வாழ்க்கைச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனாலும் அது முழுக்க அவருடையது.

உங்கள் வாழ்க்கையிலிருந்து ஏதாவது கொண்டுவர விரும்பினால், நூலில் நடந்ததற்குச் சமமான பெரிய துயரத்தைத் தேடாதீர்கள். அது போட்டியாகிவிடும். பக்கவாட்டில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் 1969இல் வந்த தன்வரலாற்றில், எட்டு வயதில் வன்கொடுமைக்கு ஆளான சிறுமி, அதைச் செய்தவன் கொல்லப்பட்டதும், தன் பேச்சுதான் அவனைக் கொன்றுவிட்டது என்று நம்பிப் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். பிறகு திருமதி ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி வீட்டுக்கு அழைத்து, புத்தகம் வாசித்துக் காட்டி, எடுத்துப்போய் உரக்கப் படி என்று கொடுத்தனுப்புகிறாள். இதைப் பற்றி எழுதும் ஒருவர் அந்தக் கொடுமையைத் தொடவே வேண்டியதில்லை. வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஒருவர் அந்த உரக்கப் படிக்கும் இடத்தைப் பற்றி எழுதலாம். தன்னை ஒரு பெரியவர் தனியாக மதித்துப் பேசிய ஒரு பொழுதைப் பற்றி எழுதலாம். உங்கள் நினைவுக்கு நான்கைந்து வரி கொடுங்கள், உடனே நூலுக்குத் திரும்புங்கள். நினைவைச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் வேறு மாதிரி தெரியவேண்டும். அப்படித் தெரியவில்லை என்றால் அந்த நினைவை எடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும்.

உங்கள் சொந்தக் குழந்தைப் பருவமே கடினமானதாக இருந்திருந்தால்? எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். எழுதுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்தத் தாள் வகுப்பில் யார் கையிலாவது கிடைத்து அவர் படித்துவிட்டால் எனக்குப் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் வேறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். பல நாடுகளில், வயது வராத ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரியவந்தால் ஆசிரியர் அதை உரிய இடத்தில் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கட்டுரையில் எழுதினால் அது மதிப்பெண் போட்டுத் திருப்பித் தரும் தாளாக மட்டும் இருக்காது. உதவி தேவைப்பட்டால் கட்டுரைக்காகக் காத்திருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் நேராகச் சொல்லுங்கள். நூலைப் படிப்பதே தாங்கமுடியாமல் இருந்தால் ஆசிரியரிடம் போய் வேறு நூல் கேளுங்கள். காரணம் சொல்லவேண்டியதில்லை, “இதை என்னால் படிக்க முடியவில்லை” என்பதே போதும். என்னிடம் அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் விசாரித்ததில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், கஷ்டமே இல்லாமல் வளர்ந்தவர்கள். இவர்கள்தான் கட்டுரையில் அதிகம் மன்னிப்புக் கேட்கிறார்கள். “எனக்கு இப்படியெல்லாம் நடந்ததில்லை, எனவே எனக்குச் சொல்லத் தகுதியில்லை” என்று தொடங்கி, “என் பெற்றோருக்கு நன்றி சொல்லத் தோன்றியது” என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரியை நான் சிவப்பு மையில் வளைத்து வளைத்துக் கை வலிக்கிறது. பெற்றோருக்கு நன்றி சொல்வது நல்லதுதான், நேரில் போய்ச் சொல்லுங்கள். கட்டுரையில் அது என்ன செய்கிறது என்றால், இன்னொருவர் வாழ்க்கையை உங்கள் நிம்மதிக்கான அளவுகோலாக ஆக்கிவிடுகிறது. அவர் அடிவாங்கியது உங்களுக்கு உங்கள் வீட்டை ஞாபகப்படுத்துவதற்காக அல்ல. பாதுகாப்பாக வளர்ந்தவருக்கு இந்த நூல்களில் பார்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது. உங்களுக்கு எது புரியவில்லை? எந்த இடத்தில் ‘ஏன் அவள் அப்போதே ஓடிப்போகவில்லை’ என்று கேட்டீர்கள்? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் இருக்கும் குழந்தை கேட்குமா? கேட்காது என்றால் ஏன்? இதில் ஒரு முழுக் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது.

கார்க்கியின் நூலில் மாற்றாந்தந்தை தாயை உதைக்கும் ஓர் இடம் வரும். பையன் வெள்ளி வேலைப்பாடு போட்ட எலும்புப்பிடி ரொட்டிக்கத்தியை எடுத்து அவன் விலாவில் குத்துகிறான். தாய் கணவனைத் தள்ளிவிட்டதால் காயம் ஆழமாகப் படவில்லை. அந்தக் கத்தி செத்துப்போன அப்பாவுடையது, தாயிடம் மிச்சமிருந்த ஒரே பொருள். உடனே கார்க்கி கதையை நிறுத்திவிட்டு, இந்தக் கொடூரங்களையெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஆகவேண்டும் என்று பதிலும் சொல்கிறார். அந்தப் பதிலை அப்படியே எடுத்து எழுதிவிடுவது மாணவர்களுக்கு வசதியாக இருக்கிறது. நான் உங்களிடம் கேட்பது வேறு. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ‘போதும், நிறுத்துங்கள்’ என்று தோன்றியதா? அல்லது கத்திக் காட்சியில் உள்ளுக்குள் ‘குத்து’ என்று சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அது எழுதவேண்டிய விஷயம்.

எழுதும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் பத்தியை முதலில் எழுதாதீர்கள். உங்கள் இடத்தைப் பற்றிய பத்தியை முதலில் எழுதுங்கள், அதுவே பெரும்பாலும் தொடக்கமாகிவிடும். நூல், ஆசிரியர், ஆண்டு இவற்றைப் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆசிரியரின் பிறப்பு, விருதுகள், மொழிபெயர்ப்புகள் பற்றிய பத்தி வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கோள் எடுத்தால் குட்டியாக எடுங்கள். நீளமான மேற்கோளுக்குக் கீழே “எத்தனை ஆழமான வரிகள்!” என்று எழுதினால் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

முடித்தபின் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். படிக்கக் கூச்சமாக இருக்கும் வரிகள் இரண்டு வகை. ஒன்று, உண்மையாக இருப்பதால் கூச்சம் வருவது. அதை விட்டுவையுங்கள். இன்னொன்று, மேடைப்பேச்சு போல இருப்பதால் கூச்சம் வருவது. அதை அடியுங்கள். ‘தாக்கம்’, ‘நெகிழ்ச்சி’, ‘வலி மிகுந்த’, ‘சொல்லில் அடங்காத’ போன்ற சொற்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றின் இடத்திலும் நூலில் இருக்கும் ஒரு பொருளையோ செயலையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ‘சொல்லில் அடங்காத’ என்று எழுதுகிறீர்கள், அந்த நூலின் ஆசிரியர் அதைத்தானே இருநூறு முந்நூறு பக்கம் சொல்லில் அடக்கியிருக்கிறார்.

முடிவுப் பத்தி வரவில்லை என்று வருந்தவேண்டாம். பள்ளியில் ‘முடிவுரை’ என்று தலைப்புப் போட்டுப் பழகியிருப்பதால் கை தானாக “இவ்வாறாக” என்று தொடங்கும். கடைசியாகச் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். கேள்வியில் நின்றாலும் பரவாயில்லை, அது உங்களுக்கு உண்மையாகவே விடை தெரியாத கேள்வியாக இருந்தால்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். தவளை என்றோ கறுப்புச் சீப்பு என்றோ நூலுக்குள் இருந்து ஒன்றை எடுத்து வைக்கலாம். நூலின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘ஒரு பார்வை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். என் மேசைமேல் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கிறது.